கடைசிக்கு முதலா, இறுதிக்கு முந்தியதா, ஈற்றயலா? ‘பெனல்ட்டிமேட்’ என்பதற்குத் தமிழில் எதைப் போடுவது

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே சொல்லைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

முதலில் வந்தவள் மட்டக்களப்பு வந்தாறுமூலைக் கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகத்தில்) படிக்கும் என் பழைய மாணவி. கொழும்பு நிறுவனமொன்று பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. ‘பெனல்ட்டிமேட்’ வருட மாணவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம். “சேர், அல்டிமேட் எண்டா கடைசி. அப்ப பெனல்ட்டிமேட் எண்டா கடைசியிலும் கடைசியா?” என்று கேட்டாள்.

இரண்டாமவர் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர். ஆங்கிலக் கடிதமொன்றில் ‘உங்கள் கடிதத்தின் பெனல்ட்டிமேட் பந்தியில் கேட்டதற்கு’ என்று இருந்ததை ‘இறுதிப் பந்தியில்’ என்று போட்டுவிட்டார். கடிதம் எழுதிய மனிதர் தன் கடிதத்தின் இறுதிப் பந்தியை எடுத்துப் பார்த்தால் அங்கே ‘இத்தால் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ மட்டும்தான் இருந்தது. தனக்கு என்ன பதில் வந்திருக்கிறது என்றே அவருக்கு விளங்கவில்லை.

மூன்றாவது என் மருமகன். கல்முனைப் பக்கம் சனி, ஞாயிறுகளில் நடக்கும் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுகளுக்கு மைக் பிடிக்கிறவன். “மாமா, பெனல்ட்டிமேட் ஓவர் எண்டு சொன்னா கிரவுண்டில ஆருக்கும் விளங்குதில்ல. தமிழில என்னெண்டு சொல்லுற?”

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முயன்று பார்த்தேன், முடியவில்லை. கையில் இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

சொல்லுக்கு என்ன பொருள்

பெனல்ட்டிமேட் என்றால் ஒரு வரிசையில் கடைசிக்கு நேர் முன்னால் நிற்பது. அவ்வளவுதான். லத்தீனில் ‘பைனே’ என்றால் ஏறத்தாழ, ‘உல்டிமுஸ்’ என்றால் கடைசி. இரண்டும் சேர்ந்து ‘ஏறத்தாழக் கடைசி’. இதே ‘பைனே’தான் ‘பெனின்சுலா’ என்ற சொல்லிலும் ஒளிந்திருக்கிறது: ஏறத்தாழத் தீவு. யாழ்ப்பாணக் குடாநாட்டை ஆங்கிலத்தில் சொல்லும்போதெல்லாம் பெனல்ட்டிமேட்டின் அரைவாசியைச் சொல்லிவிடுகிறோம்.

என் மாணவி செய்த பிழை அவளுடைய தனிப் பிழை அல்ல. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் முன்னால் ஒரு ‘பென்’ வந்ததும் சொல்லுக்குக் கூடுதல் கனம் வந்துவிட்டது என்று நினைத்து, ‘அதி உச்சமான’ என்ற பொருளில் விளாசுவது உண்டு. கடையின் பெயர்ப்பலகையில் ‘பெனல்ட்டிமேட் தரம்’ என்று போட்டால், உச்சத்துக்கு ஒரு படி கீழே என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பேச்சு ஆங்கிலத்தில் இதற்கு எளிய மாற்றுகள் பல உண்டு. பிரித்தானியர் ‘லாஸ்ட் பட் வன்’ என்பார்கள், அமெரிக்கர் ‘நெக்ஸ்ட் டு லாஸ்ட்’ என்பார்கள், எங்கள் பிள்ளைகள் ‘செகண்ட் லாஸ்ட்’ என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான். காற்பந்தின் ஓஃப்சைட் விதிகூட ‘செகண்ட் லாஸ்ட்’ எதிராளி என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது; பெனல்ட்டிமேட்டை அது தொடவே இல்லை. ஆங்கிலமே அப்படி இறங்கி வரும்போது நாங்கள் மட்டும் தமிழில் ஏணி போட்டு ஏற வேண்டியதில்லை.

எதை வைத்துத் தெரிவது

நான் பார்த்தவை ஐந்து. ஒன்று, சொல்லைக் கேட்டவர் வேறு எதையும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு, ‘கடைசிக்கு முன்னால் எங்கோ’ என்று நிற்காமல் ‘கடைசியை ஒட்டி’ என்று சொல்ல வேண்டும். மூன்று, மைக்கில் ஒரு தடவை கேட்டாலே விளங்க வேண்டும். எழுத்தில் மட்டும் வரும் இடமானால் இதை விட்டுக்கொடுக்கலாம். நான்கு, கடைசியிலிருந்து மூன்றாவதைச் சொல்லவும் அதே முறை நீள வேண்டும். ஐந்து, மட்டக்களப்புக்கு வெளியே உள்ளவருக்கும் போய்ச் சேர வேண்டும். எங்கள் ‘மறுகா’வை நினைத்துப் பாருங்கள். ‘மறுகா வாறன்’ என்றால் பிறகு வருகிறேன் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வெளியூரார் “என்ன?” என்று திரும்பக் கேட்பார்கள். வரிசையைச் சொல்லும் சொற்கள் இப்படி ஊர் எல்லையில் இறங்கிவிடுவது வழக்கம்.

இந்த ஐந்துக்கும் முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது.

முதலில் கடைசி எது?

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசையன்று தீர்த்தம், அதற்கு முதல் நாள் தேர். அப்படியானால் தேர்தான் கடைசிக்கு முந்திய நாளா? தீர்த்தத்தோடு திருவிழா முடிந்தது என்று கணக்குப் போடுகிறவருக்கு ஆம். ஆனால் எங்கள் பக்கத்துப் பல கோயில்களில் தீர்த்தத்துக்குப் பிறகு பூங்காவனம் வரும், வைரவர் பூசை வரும். அவற்றையும் சேர்த்து எண்ணுகிறவருக்குத் தேர் நாள் இன்னும் பின்னுக்குப் போய்விடும். எந்தச் சொல்லைப் போட்டாலும், இரண்டு பேரும் ஒரே கடைசியை மனதில் வைத்திருக்காவிட்டால் சண்டைதான்.

ரயிலும் அப்படித்தான். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் ரயிலுக்கு ஏறாவூர் கடைசிக்கு முந்திய ஸ்டேஷன். அதே ரயில் திரும்பிப் போகும்போது ஏறாவூர் இரண்டாவது. கொழும்பின் கோட்டை ஸ்டேஷனுக்கு முந்திய மருதானைதான் அப்போது அந்த இடத்துக்கு வரும்.

கிரிக்கெட்டில் இன்னும் சுவாரசியம். 2007 உலகக் கிண்ணத்தில், மார்ச் 28 அன்று கயானாவில், தென்னாபிரிக்காவுக்கு எதிராக லசித் மாலிங்க நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தார். 45ஆவது ஓவரின் கடைசிக்கு முந்திய பந்தில் ஷோன் பொல்லாக், கடைசிப் பந்தில் அன்ட்ரூ ஹோல், பிறகு 47ஆவது ஓவரின் முதல் இரண்டு பந்துகளில் கலிஸும் என்டினியும். (தென்னாபிரிக்கா ஒரு விக்கெட்டால் வென்றுவிட்டது, அது வேறு வயிற்றெரிச்சல்.) இன்றைக்கு அந்தப் பந்தைக் ‘கடைசிக்கு முந்திய பந்து’ என்று தைரியமாகச் சொல்லலாம். அன்றைக்கு மைக்கில் இருந்தவர் சொல்லியிருந்தால் அது ஊகம். அடுத்த பந்து வைடாகப் போயிருந்தால் அதற்குப் பிறகு இன்னொன்று வீச வேண்டும், ஐந்தாவது பந்து கடைசியிலிருந்து மூன்றாவதாகிவிடும். ஓவர் முடிந்த பிறகுதான் அந்தப் பந்துக்கு அந்தப் பெயர் உறுதியாகிறது.

சரி, இனிச் சொற்களுக்கு வருவோம்.

தெரிவு 1: கடைசிக்கு முதல்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வாயைத் திறந்தால் தானாக வருவது இதுதான். ‘கடைசிக்கு முதல் சீட்’, ‘கடைசிக்கு முதல் பஸ்’, ‘கடைசிக்கு முதல் பாடம்’. இங்கே ‘முதல்’ என்பது ‘முன்’. ‘மழைக்கு முதல் வெட்டி முடிக்க வேணும்’ என்று வயற்காரர் சொல்லும்போது ஒன்றாவது மழையைப் பற்றிப் பேசவில்லை.

காதுக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. முன்னால் எங்கோ என்று அலையாமல் ஒட்டி நிற்பதையே சுட்டுகிறது. மைக் பிடிக்கிறவனுக்கு நான் இதைத்தான் சொன்னேன்.

ஒளிந்திருக்கும் செலவு எழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு ‘க்கு’வில்தான் முழுப் பாரமும். அது விழுந்து ‘கடைசி முதல் நாள்’ என்று அச்சாகிவிட்டால் கடைசியும் முதலும் ஒரே வரியில் முட்டிக்கொள்ளும். இதை நான் பட்டு அறிந்தவன். சில வருடங்களுக்கு முன் ஐந்து நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்கு அறிவித்தல் எழுதிக் கொடுத்தேன். ஒப்படைகளைக் ‘கடைசிக்கு முதல் நாள்’ தர வேண்டும் என்று இருந்தது. தட்டெழுதும்போது ‘க்கு’ போய்விட்டது, நானும் திருத்திப் பார்க்கவில்லை. பாதிப் பேர் முதல் நாளே அரைகுறையாகக் கொண்டுவந்தார்கள், மீதிப் பேர் கடைசி நாள் கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் கொண்டுவந்தவர் ஒருவர்; அவரும் ஏற்பாட்டாளரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு வந்தவர்.

இன்னொன்று, தமிழ்நாட்டு வாசகர். ‘தீபாவளிக்கு முதல் நாள்’ என்றால் அவருக்கும் விளங்கும். நாளோடு வரும்போது அங்கேயும் அந்த வழக்கு உண்டு. ‘கடைசிக்கு முதல் பக்கம்’ என்று படித்தால் சற்றுத் தடுக்கும்.

கடைசியிலிருந்து மூன்றாவதற்கு ‘கடைசிக்கு முதலுக்கு முதல்’ என்று நீட்டலாம். சொல்லிப் பாருங்கள். இரண்டாம் தடவை சொல்ல மனம் வராது.

தெரிவு 2: இறுதிக்கு முந்திய, கடைசிக்கு முந்திய

எழுத்துத் தமிழில் நடுநிலையான ஆள். தமிழ்நாட்டில் ‘முந்தைய’, எங்களிடம் ‘முந்திய’. யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். நாள், பக்கம், பந்தி, ஓவர், எழுத்து, வருடம் என்று எதோடும் ஒட்டும். மொழிபெயர்ப்பு நண்பருக்கு இதையே சொன்னேன்: ‘தங்கள் கடிதத்தின் இறுதிக்கு முந்திய பந்தியில்’. ‘பந்தி’ என்றதும் தமிழ்நாட்டில் ஒருவர் இலையையும் சாம்பாரையும் நினைப்பார், அது வேறு கதை. அங்கே ‘பத்தி’ என்று மாற்றிவிட்டால் சரி.

ஆனால் பார்வைக்கு இருப்பது போல இது அவ்வளவு சாது அல்ல. மூன்று இடத்தில் காலை வாரும்.

முதலாவது, ‘கடைசி’ என்ற சொல். அது ‘முடிவானது’ என்றும் பொருள்படும், ‘அண்மையில் நடந்தது’ என்றும் பொருள்படும். சங்கமொன்றின் கூட்ட அறிக்கையில் ‘கடைசிக்கு முந்திய கூட்டம்’ என்று எழுதினால், அண்மைக் கூட்டத்துக்கு முன் நடந்தது என்று ஒருவர் எடுப்பார், வருடத்தின் நிறைவுக் கூட்டத்துக்கு முன் நடந்தது என்று இன்னொருவர் எடுப்பார். ஆங்கிலத்தின் ‘லாஸ்ட்’ சொல்லுக்கும் இதே நோய் உண்டு. பெனல்ட்டிமேட்டுக்கு அது குறைவு. தொடர் இன்னும் முடியவில்லை என்றால் ‘போன கூட்டத்துக்கு முந்திய கூட்டம்’ என்று போட்டுவிடுங்கள். ‘போன கிழமைக்கு முதல் கிழமை’ என்று பேச்சில் சொல்கிறோமே, அது போல. நாளுக்கு மட்டும் தமிழ் இதை ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது: முந்தாநாள்.

இரண்டாவது, ‘முந்திய’ என்பது ஒட்டி நிற்பதைக் கட்டாயமாகச் சொல்வதில்லை. ‘இறுதிக்கு முந்திய சுற்றுகளில் நன்றாக ஆடினார்கள்’ என்றால் எல்லாச் சுற்றும் அதில் அடங்கும். ஒருமையில் வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. பணமோ திகதியோ சம்பந்தப்பட்ட இடத்தில் ‘நேர் முந்திய’ என்று ஒரு சொல்லைக் கூட்டிவிடுவது என் பழக்கம்.

மூன்றாவது விளையாட்டில். ‘இறுதி’ என்றதும் இறுதியாட்டம் நினைவுக்கு வருவதால், ‘இறுதிக்கு முந்திய ஆட்டம்’ என்றால் அரையிறுதி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உலகக் கிண்ணக் காற்பந்தில் அப்படி இல்லை. 2022இல் கட்டாரில் நடந்த 64 ஆட்டங்களில் 63ஆவது, மூன்றாம் இடத்துக்காகக் குரோஷியாவும் மொரோக்கோவும் டிசம்பர் 17 அன்று ஆடியது. குரோஷியா 2–1 என்று வென்றது. மறுநாள்தான் இறுதியாட்டம். பெனல்ட்டிமேட் ஆட்டம் எது என்று கேட்டால் அதுதான் விடை, அரையிறுதி அல்ல.

தெரிவு 3: ஈற்றயல்

இதைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஈறு என்றால் முடிவு. அயல் என்றால் பக்கத்து வீடு. ‘அயலுக்க ஒரு சத்தமும் இல்ல’ என்று தினமும் சொல்கிற அதே அயல். ஈற்றயல்: முடிவின் பக்கத்து வீடு. முடிவுக்கு ஒரு பக்கம்தான் அயல் உண்டு, மறுபக்கம் வெளி. ஆகவே எந்த அயல் என்ற மயக்கமே இல்லை. ஒட்டி நிற்க வேண்டும் என்ற அளவுகோலில் மற்ற எல்லாத் தெரிவுகளையும் இது தோற்கடிக்கும்.

இது யாரோ புதிதாகச் செய்த சொல்லும் அல்ல. பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் படித்த ஒவ்வொருவரும் இதைக் கடந்துதான் வந்திருக்கிறார்கள். ஆறு, எஃகு, வரகு, கொக்கு, நண்டு, மார்பு என்று ஆறையும் எழுதிவிட்டு, ஈற்றயல் எழுத்தைப் பார், அதை வைத்து வகை சொல் என்பார் ஆசிரியர். கொக்கில் ‘க்’, ஆகவே வன்தொடர். நண்டில் ‘ண்’, ஆகவே மென்தொடர். ஆற்றில் தனி நெடில். மட்டக்களப்பு வாவியில் நிற்கும் கொக்கும் நண்டும் பெனல்ட்டிமேட்டை எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டன. பெயர்தான் மறந்துபோனது.

யாப்பிலும் இருக்கிறது. நேரிசை ஆசிரியப்பாவில் மற்ற அடிகள் நாற்சீர், ஈற்றயலடி மட்டும் முச்சீர். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்று மூன்று சீரில் நிற்கிறதே, அதுதான் ஈற்றயலடி. ஒரு சீர் குறைந்ததால் அங்கே மூச்சு ஒரு கணம் தங்குகிறது. பிறகு கடைசி அடி வந்து விழுகிறது.

‘அடி’ என்பது பாட்டு வரி மட்டும் அல்ல, காலடியும்தான். நீளம் பாய்தல் பயிற்றுநர்கள் பெனல்ட்டிமேட் அடியைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். உந்து பலகைக்கு முந்திய அந்த எட்டில் வீரர் காலைச் சற்று நீட்டி வைத்து இடுப்பைத் தாழ்த்துகிறார், கடைசி எட்டைக் குறுக்கி மேலே எழும்புகிறார். ஆசிரியப்பாவில் ஈற்றயலடி குறுகும், பாய்ச்சலில் ஈற்றயலடி நீளும். வெபர் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “சொல்லு நல்லாத்தான் இருக்கு சேர், ஆனா நான் சத்தம் போட்டுச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிள்ள மணலில விழுந்திடும்” என்றார்.

அங்கேதான் இதன் செலவு. கேட்டவுடன் விளங்காது. மட்டக்களப்புப் பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது என்று செக் அறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார், எங்களுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. அதற்காகச் சந்தையில் நின்று ‘ஈற்றயல் கடையில் மீன் வாங்கினேன்’ என்று சொல்கிறவரை நான் இன்னும் காணவில்லை. ‘ஈற்றயல் ஓவர்’ என்று மைக்கில் சொன்னால் கைதட்டுவதா சிரிப்பதா என்று கூட்டத்துக்குத் தெரியாது. பொது அறிவித்தலில் போட்டால் அலுவலகத் தொலைபேசி நாள் முழுக்க அடிக்கும்.

எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. மொழியியல் குறிப்பு எழுதுகிறவர், ‘ஸ்பானிய, போலிஷ் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசையில்’ என்று நீட்டி முழக்காமல் ‘ஈற்றயல் அசையில்’ என்று போடலாம். பாடநூல், கலைச்சொல் பட்டியல், விளையாட்டுப் பயிற்சிக் கையேடு, இவற்றில் முதல் தடவை ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு ஈற்றயல் என்றே நடத்தலாம். ஒரே கருத்து இருபது தடவை வரும் எழுத்தில் ஐந்து எழுத்துச் சொல்லின் அருமை தெரியும்.

தெரிவு 4: கடைசியிலிருந்து இரண்டாவது

நீட்டலாமா என்ற கேள்விக்கு மட்டும் இதுதான் முதற்பரிசு. மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஆங்கிலத்தில் மூன்றாவதற்கு ‘ஆன்ட்டிபெனல்ட்டிமேட்’ என்று ஒரு சொல் இருக்கிறது, அதை நினைவில் வைத்திருப்பதைவிட எண்ணிவிடுவது எளிது.

சிக்கல்கள் சிறியவை. கடைசியையே ஒன்று என்று எண்ணத் தொடங்க வேண்டும். சிலர் அதை விட்டுவிட்டு எண்ணுவார்கள், ஒன்று தவறிவிடும். ‘ஒன்று விட்டு’ என்று விளக்கப் போனால் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிக் கணக்கு மாதிரி இன்னும் குழம்பும். ஆளுக்குப் போட்டால் மனம் நோகும்: வகுப்பில் கடைசியிலிருந்து இரண்டாவது என்றால் அது இடத்தைச் சொல்வதல்ல, ஏச்சு. ‘செகண்ட் லாஸ்ட்’டை அப்படியே பெயர்த்து ‘இரண்டாவது கடைசிப் பரீட்சை’ என்று எழுதுவதை மட்டும் செய்ய வேண்டாம். கடைசிப் பரீட்சை இரண்டு தடவை நடக்கிறதா என்று பெற்றார் கேட்பார்கள்.

தெரிவு 5: எண்ணையே போட்டுவிடுவது

பல நேரம் சொல்லே வேண்டியதில்லை. 20 ஓவர் ஆட்டத்தில் ‘19ஆவது ஓவர்’. ஐந்து நாள் பட்டறையில் ‘நான்காம் நாள், வியாழக்கிழமை’. என் அறிவித்தலில் இப்படிப் போட்டிருந்தால் எந்தத் தொல்லையும் வந்திருக்காது. திகதி, பணம், கையொப்பம் என்று வருகிற இடத்தில் எல்லாம் நான் இப்போது இதற்கே முதலிடம் கொடுக்கிறேன்.

தோற்கும் இடம், மொத்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும் இடம். என் மாணவியின் விளம்பரம் அப்படிப்பட்டது. பெனல்ட்டிமேட் வருடம் என்பது மூன்று வருடப் பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம், நான்கு வருடத்தில் மூன்றாம் வருடம், ஐந்து வருட மருத்துவப் படிப்பில் நான்காம் வருடம். அதை ‘மூன்றாம் வருட மாணவர்கள்’ என்று தமிழ்ப்படுத்தினால் மூன்று வருடப் பட்டத்தின் இறுதி வருடப் பிள்ளைகள் வீணாக விண்ணப்பிப்பார்கள், தகுதியான இரண்டாம் வருடப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். அங்கே ‘இறுதி வருடத்துக்கு நேர் முந்திய வருட மாணவர்கள்’ என்றுதான் வர வேண்டும்.

தெரிவு 6: பெனல்ட்டிமேட் என்றே எழுதுவது

ஒரே ஒரு இடத்தில் சரி. விளம்பரத்தையோ படிவத்தையோ ஆங்கிலத்தில் தேடப் போகும் மாணவருக்கு அந்தச் சொல் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒரு தடவை காட்டிவிட்டுத் தமிழுக்கு வந்துவிடலாம். மற்றபடி, ஆங்கிலத்திலேயே பாதிப் பேர் பிழையாக விளங்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டால் பிழையும் கூடவே குடிவரும்.

ஒரே பார்வையில்

| தெரிவு | மயக்கம் வருமா | காதுக்கு | மூன்றாவதுக்கு நீளுமா | எங்கே போடலாம் |
|---|---|---|---|---|
| கடைசிக்கு முதல் | ‘க்கு’ விழுந்தால் வரும் | மிக எளிது | நீளும், இழுபடும் | பேச்சு, மைக், வீடு |
| இறுதிக்கு முந்திய | கூட்டம், ஆட்டம் ஆகியவற்றில் வரும் | எளிது | ஓரளவு | கடிதம், செய்தி, அறிவித்தல் |
| ஈற்றயல் | இல்லை | கடினம் | கடினம் | பாடநூல், கலைச்சொல், யாப்பு, மொழியியல் |
| கடைசியிலிருந்து இரண்டாவது | எண்ணுவதில் வரும் | எளிது | நன்றாக நீளும் | பட்டியல், வரிசை, இருக்கை |
| எண்ணைப் போடுவது | மொத்தம் மாறினால் வரும் | மிக எளிது | கேள்வியே இல்லை | திகதி, கட்டணம், ஓவர் |
| பெனல்ட்டிமேட் | நிறைய | கடினம் | இல்லை | ஒரு தடவை, தேடுவதற்கு மட்டும் |

மாணவி நான்கு வருடப் படிப்பில் மூன்றாம் வருடம், விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். நண்பர் ஒரு திருத்தக் கடிதம் தயாரித்தார், அதில் ‘இறுதிக்கு முந்திய பந்தி’ என்று தடித்த எழுத்தில் இருந்தது.

மருமகனுக்கு மட்டும் அடுத்த ஞாயிறே சோதனை வந்தது. பத்து ஓவர் ஆட்டம். நானும் போயிருந்தேன். ஒன்பதாவது ஓவர் தொடங்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, “இது கடைசிக்கு முதல் ஓவர்!” என்று முழங்கினான். கூட்டமும் விளங்கிக் கூச்சல் போட்டது. நான்காவது பந்து முடிந்தபோது கடற்பக்கமிருந்து மழை வந்தது. நடுவர்கள் அந்த ஓவரை மட்டும் போட்டு முடித்துவிட்டு விக்கெட்டைப் பிடுங்கினார்கள். மருமகன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “மாமா, இப்ப இதுக்கு என்ன பேர்?”